நாற்றமும் நுண்கிருமியும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், வைத்தியப் பரிசோதனைச் சாலையொன்றில் நெடுநாள் ஊழியம் செய்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



இம்மாதக் கூட்டத்தில் யாதேனும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று நம் காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டபோது, "எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே, அது சபையிற் பேசத் தக்கதன்று" என்று விடை கூறினேன். அஃது என்னவென்று அவர் வினவினார். "நாற்றம்" என்றேன். அவர் நகைத்து, "அதையே பேசும், அனுபவியாதவர் எவருமிலர்" என்று உத்தரவு தந்தார். ஆகவே, சந்தனமும் பன்னீரும் வழங்கி வரவேற்ற இச்சபையில் யான் துர்க்கந்தத்தைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்குப் பாதிக் குற்றம் அவரைச் சேர்ந்தது. மற்றப் பாதியைப் பெரியோர்களாகிய நீங்கள் பொறுத்தருள வேண்டும்.

நாற்றம் என்னும் சொல் முற்காலத்தில் நற்பொருள் உடையதாகவே இருந்தது. நம் முன்னோர் மலரின் மணத்தையும் நாற்றம் என்றே வழங்கினர். நாறுதல் என்றால் மணம் வீசுதல் என்றே பொருள் கொண்டனர். நாளடைவில் அச்சொல் தாழ்ந்து, தீய வாடைக்கு மாத்திரம் உரியதாயிற்று. இச்சொல்லின் கதையே இன்றைய என் பேச்சின் சாரமும் ஆகும். நறுமணமென்று நாம் கொண்டாடுவதும், தீநாற்றமென்று மூக்கைப் பொத்துவதும், பல சமயங்களில் ஒரே குலத்துக் கைவினைஞர் செய்தனவேயாம். அக்கைவினைஞர் கண்ணுக்குப் புலப்படாதவர். மேனாட்டார் அவர்களைப் பாக்டீரியா என்பர். நாம் நுண்கிருமிகள் என்போம்.

கிருமி எவ்வாறு மணத்தை உண்டாக்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு வாயுமில்லை, வயிறுமில்லை. சுற்றியுள்ள பதார்த்தத்தைத் தன்னிடமுள்ள இரசங்களாற் சிதைத்து, வேண்டியதை உட்கொண்டு, வேண்டாததை வெளியே விடுகிறது. அவ்வாறு விடப்படுவனவற்றுள் சில எளிதில் ஆவியாகி நம் மூக்கை எட்டுகின்றன. அவற்றையே நாம் நாற்றம் என்கிறோம். ஒவ்வொரு வகைக் கிருமியும் கையாளும் இரசங்கள் வேறு வேறாதலின், அவை எழுப்பும் வாடையும் வேறு வேறாகின்றது. வீட்டுக்கு வீடு தாளிப்பின் மணம் வேறுபடுவது போலவே என்று கொள்ளுங்கள். தெருவில் நடந்து செல்பவர் மணத்தைக் கொண்டே இன்னார் வீட்டுக் குழம்பு என்று சொல்லிவிடுவதில்லையா? பரிசோதனைச் சாலையில் எங்கள் தொழிலும் முற்காலத்தில் ஏறக்குறைய அத்தகையதாகவே இருந்தது.

முதலில் இனியதொன்றிலிருந்து தொடங்குவோம். கோடையிற் காய்ந்து வெடித்த நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் மண்வாசனையை விரும்பாதார் உளரோ? அவ்வாசனை மழையினுடையதன்று, வெறும் மண்ணினுடையதும் அன்று. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்கிருமி வகை அதிற் பெரும்பங்கைச் செய்கிறது. பிரான்சு தேசத்து இரசாயன சாஸ்திரியாகிய பெர்த்தலோ 1891ஆம் ஆண்டிலேயே இம்மணத்தை ஆராய முற்பட்டார். 1964இல் ஆஸ்திரேலியாவில் இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்னும் இருவர், வறண்ட நிலம் நனையும்போது எழும் மணத்துக்குப் பெட்ரிக்கோர் என்று பெயரிட்டனர். மறு ஆண்டில், அமெரிக்காவில் கெர்பர், லெஷவாலியர் என்னும் இருவர், அதில் மண்வாடை தரும் பொருளைப் பிரித்தெடுத்து, மண்மணம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ஜியோஸ்மின் என்று பெயர் வைத்தனர்.

அவர்கள் பெயர் வைப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே நம் தேசத்தார் அதைச் சீசாவில் அடைத்துவிட்டனர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வட இந்தியாவில் கன்னோசி நகரத்து அத்தர் வேலைக்காரர்கள், சுட்ட களிமண்ணைச் செப்புக் கலத்திலிட்டு வடித்து, எழும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, மண் அத்தர் என்று விற்கிறார்கள். சாஸ்திரம் பின்னால் வந்து பெயர் சொல்லிற்று. கைத்தொழில் முன்னால் நடந்து பொருளைக் கண்டது.

ஜியோஸ்மினை உணர்வதில் மனித மூக்கின் கூர்மை வியக்கத் தக்கது. ஓர் இலட்சங்கோடிப் பங்கு நீரில் சில பங்கு கலந்திருந்தாலும் நாம் அறிந்துகொள்வோம். குளத்து நீர் சில காலங்களில் மண்வாடை அடிப்பதற்கும், குளத்து மீன் சேற்று வாடை அடிப்பதற்கும் இதுவும் இதையொத்த பொருள்களுமே காரணம். நம் பெண்மக்கள் குளத்து மீனைப் புளியிலிட்டு ஆக்குவது வெறும் சுவைக்காக மாத்திரம் அன்று. புளிப்பு மிகுந்த இடத்தில் ஜியோஸ்மின் உருமாறி வாடையற்ற பொருளாகிவிடுகிறது. இரசாயன நூலை ஒருநாளும் தொடாத நம் பாட்டிமார் அடுப்பங்கரையில் இதனை நடத்தி வந்தனர்.

ஆயினும் அக்கிருமி எதற்காக இம்மணத்தை உண்டாக்கவேண்டும்? நமது உள்ளத்தை மகிழ்விப்பதற்கா? 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் சுவீடனிலுமுள்ள ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு விடை கண்டு வெளியிட்டனர். மண்ணில் துள்ளித் திரியும் மிகச் சிறு பூச்சிகள் சில, இம்மணத்தால் இழுக்கப்பட்டு வந்து அக்கிருமியை உண்ணுகின்றன. உண்ணும்போது கிருமியின் வித்துக்கள் அவற்றின் உடலில் ஒட்டியும், எச்சத்தின் வழியாகவும் பிற இடங்களுக்குப் பரவுகின்றன. பழத்தின் மணத்தால் பறவையை அழைத்து விதையைப் பரப்பும் மரம் செய்வதை, கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிரும் செய்கிறது. இவ்வினத்தைச் சேர்ந்த மற்றொன்றிலிருந்துதான் 1943இல் ஸ்ட்ரெப்டோமைஸின் என்னும் மருந்து கண்டெடுக்கப்பட்டது. க்ஷயரோகத்தை அடக்கிய முதல் மருந்து அதுவே. மண்வாசனை வீசுங் குலத்திலே மாமருந்தும் பிறந்தது.

அடுத்து அடுக்களைக்குள் நுழைவோம். மாலையில் காய்ச்சி ஆறவைத்த பாலில் ஒரு கரண்டி மோரை உறை ஊற்றுகிறோம். விடியுமுன் அது தயிராகிறது. அத்தயிரைக் கடைந்து எடுத்த வெண்ணெயின் மணம் எங்கிருந்து வந்தது? பாலிலுள்ள சிறிதளவு சிட்ரிக் அமிலத்தைச் சில கிருமிகள் சிதைத்து, டையசெட்டில் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அதுவே வெண்ணெய் மணம். தயிரின் புத்தம்புதிய வாடைக்கு வேறொரு கிருமி விடும் அசெட்டால்டிஹைடு என்பது காரணம். இட்லி மாவு இரவிலே பொங்கிப் புளித்த மணம் வீசுவதும், லூக்கோநாஸ்டாக் முதலிய கிருமிகள் காற்றையும் புளிப்பையும் விடுவதாலேதான். ஆகவே கிருமி என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சும் சகோதரிகள், தங்கள் வீட்டில் நாள்தோறும் அவற்றை வளர்த்து வருகிறார்கள் என்பதை நினைவிற் கொள்வார்களாக.

கடல் மீனின் வாடையும் இவ்வாறே. அப்பொழுது பிடித்த மீனில் அவ்வாடை இல்லை. மீனின் தசையில் வாடையற்ற ஒரு பொருள் இருக்கிறது. மீன் இறந்த பின் கிருமிகள் அதனைச் சிதைத்து டிரைமெதிலமின் என்னும் பொருளாக்குகின்றன. நாம் மீன் நாற்றம் என்பது இதுவே. எலுமிச்சஞ்சாறோ புளிக்கரைசலோ இதன்மேற் பட்டால், இது உப்பாக மாறி, ஆவியாகி எழும் வலியை இழந்துவிடுகிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்வேன். புளி வாடையை அடக்குமேயொழியக் கெட்ட மீனை நல்ல மீனாக்காது.

இனி மனித தேகத்துக்கு வருவோம். வேர்வை நாறும் என்கிறோம். உண்மையில் புதிதாகச் சுரந்த வேர்வைக்கு ஏறக்குறைய நாற்றமே இல்லை. அக்குளில் வாழும் கிருமிகள், அங்குச் சுரக்கும் வேர்வையிலுள்ள வாடையற்ற பொருள்களைச் சிதைத்த பின்னரே நாற்றம் பிறக்கிறது. காலணி கழற்றியபோது எழும் வாடையில் பிரெவிபாக்டீரியம் என்னும் கிருமிக்கும் பங்குண்டு. ஐரோப்பாவில் லிம்பர்கர் என்னும் பாற்கட்டி ஒன்றுளது. அதை அங்கே விலை கொடுத்து வாங்கி விருப்புடன் உண்கிறார்கள். அதன் வாடையும் காலின் வாடையும் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், இரண்டிடத்திலும் வேலை செய்வது ஒரே இனத்துக் கிருமி என்பதே. மலேரியாவைப் பரப்பும் ஆப்பிரிக்கக் கொசுவொன்று அப்பாற்கட்டியின் மணத்துக்கும் பறந்து வருமென்று 1996இல் நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் காட்டினர். ஓரிடத்தில் விருந்தாகிய மணம் மற்றோரிடத்தில் இகழ்ச்சிக்கு ஏதுவாகிறது. மணத்தில் வேற்றுமையில்லை, நம் மனத்திலேதான் வேற்றுமை.

இன்னுமொன்று கேளுங்கள். எங்கள் பரிசோதனைச் சாலையில் தினந்தோறும் காணும் எஷெரிக்கியா கோலி என்னும் குடற்கிருமி, இண்டோல் என்னும் பொருளை உண்டாக்குகிறது. மலத்தின் நாற்றத்துக்குரிய பொருள்களுள் அதுவும் ஒன்று. ஆனால் மிகச் சிறிய அளவில் அதே இண்டோல் மல்லிகைப் பூவிலும் இருக்கிறது. அது சிறிதும் இல்லாவிட்டால் மல்லிகையின் மணம் நிறைவு பெறாது. தாய்மார்கள் தலையிற் சூடுவதிலும், காலையிற் கழித்து ஒதுக்குவதிலும் ஒரே பொருள் உளது என்றால், சுத்தம் அசுத்தம் என்று மூக்கு வகுக்கும் எல்லையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மூக்கை முற்றும் நம்பி மோசம்போன வரலாறு ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், துர்நாற்றமே நோய்களுக்குக் காரணம் என்று பெரிய வைத்தியர்களும் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்பது பொருள். 1854ஆம் ஆண்டு லண்டன் நகரில் பிராடு தெருவைச் சுற்றி வாந்திபேதி தோன்றி 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் வீடு வீடாகச் சென்று விசாரித்து, நோய் காற்றால் வரவில்லை, அத்தெருக் குழாய்க் கிணற்று நீரால் வந்தது என்று கண்டார். ஆம்ஸ்டெட் என்னும் வேறொரு பகுதியில் வாழ்ந்த விதவையொருத்தி, முன்பு தான் குடியிருந்த அத்தெருவின் நீர்ச் சுவையில் விருப்பமுற்று, நாள்தோறும் வண்டியில் ஒரு புட்டி நீர் தருவித்துக் குடித்துவந்தாள். அவள் இருந்த இடத்திலோ வாந்திபேதியே இல்லை; ஆயினும் அவள் அந்நோயால் இறந்தாள். அவள் விரும்பிக் குடித்த நீரே அவளுக்கு எமனாயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1858ஆம் ஆண்டுக் கோடையில், தேம்ஸ் நதியின் நாற்றம் பொறுக்கமாட்டாமல் பார்லிமெண்டார் தவித்தனர். ஜன்னற் படுதாக்களைச் சுண்ண மருந்து நீரில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தனர். முடிவில் பஸால்ஜெட் என்னும் எஞ்சினியரிடம் பெருங்கால்வாய்கள் கட்டும் பணியை ஒப்படைத்தனர். நாற்றத்தைப் போக்கவே கட்டினார்கள். கழிவுநீர் குடிநீரிற் கலவாமற் போனதால் வாந்திபேதி ஒழிந்தது. 1866க்குப் பின் அந்நகரில் அந்நோய் பெருவாரியாகத் தோன்றவில்லை. காரணத்தைத் தவறாக எண்ணிச் செய்த காரியம் நன்மையாய் முடிந்தது. உண்மைக் காரணமாகிய கிருமியை, பாசினி என்னும் இத்தாலியர் 1854இலேயே கண்ணாடி வழியே கண்டிருந்தும் உலகம் செவிசாய்க்கவில்லை. ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் எகிப்திலும், பின்னர் நம் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, 1884இல் அதனை ஐயமற நிலைநாட்டினார். கல்கத்தாவில் ஜனங்கள் குளித்தும் குடித்தும் வந்த குளத்து நீரிலேயே அதனைக் கண்டெடுத்தார்.

இப்பொழுது என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். நோயாளியின் சீழையோ இரத்தத்தையோ கண்ணாடித் தட்டிலுள்ள உணவுப் பசையில் தடவி, வெதுவெதுப்பான பெட்டியில் ஓரிரவு வைத்தால், மறுநாட் காலையில் கிருமிகள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். மூடியைத் திறந்தவுடனேயே முதியவர்கள் பெயர் சொல்லிவிடுவார்கள். திராட்சைப் பழ மணம் வந்தால் அது சூடோமோனாஸ். நீலப்பச்சைச் சீழில் வாழும் இதனை 1882இல் ஜெஸ்ஸார் என்னும் பிரெஞ்சுக்காரர் பிரித்தறிந்தார். வெண்ணெயும் வெல்லப்பாகும் கலந்தாற்போன்ற மணம் எழுந்தால், உள்ளுறுப்புகளிற் கட்டிகளை உண்டாக்கும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். நம் வீட்டு வெண்ணெயிலுள்ள அதே டையசெட்டில்தான் அங்கும் மணக்கிறது. இனிய மணம் கொடிய நோய்க்கு அடையாளமாகும் விந்தையைப் பாருங்கள்!

யானும் இளமையில் இவ்வாறு முகர்ந்து பெயர் சொல்வதிற் பெருமை கொண்டவனே. அப்பெருமை ஒருநாள் அடங்கியது. என்னுடன் வேலை செய்த நண்பர் ஒருவர், பெயர் தெரியாத கிருமி வளர்ந்த தட்டொன்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல் கண்டது, மாலையில் ஏறும், காலையில் வேர்த்து இறங்கும், மூட்டெல்லாம் நோவு. ஆடுமாடுகளிடமிருந்து மனிதர்க்கு வரும் புரூஸெல்லா என்னும் கிருமியே அத்தட்டில் இருந்தது என்பது பின்னரே தெரிந்தது. நீண்ட நாள் மருந்துண்டு அவர் பிழைத்தார். மூச்சின் வழியே எளிதிற் புகும் அக்கிருமியால் உலகெங்கும் பரிசோதனைச் சாலை ஊழியர் பலர் நோயுற்றுள்ளனர். ஆதலால் தட்டை முகர்ந்து பார்த்தல் கூடாது என்பது இப்பொழுது எங்கள் தொழிலில் முதல் விதியாகும்.

நம் மூக்குக்கு விலக்கப்பட்டதை இன்று விலங்குகள் செய்கின்றன. 2012இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கிளிப் என்னும் நாயொன்றைப் பழக்கி, கொடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒருவகைக் கிருமியை மோப்பத்தால் அறியும்படி செய்தனர். வைத்தியசாலையில் நோய் கண்ட 30 பேரில் 25 பேரை அது அடையாளம் காட்டியது. தான்சானியாவில் பெரிய எலிகளைப் பழக்கி, கோழையை முகரச் செய்து க்ஷயரோகத்தைக் கண்டுபிடிக்க உதவி பெறுகிறார்கள்.

சபையோரே! இதுவரை சொன்னவை கேட்பதற்கு வேடிக்கையானவை. இனிச் சொல்லப்போவது எனக்கு வேடிக்கையன்று.

என் தகப்பனாருக்கு மூத்த சகோதரி, எனக்கு அத்தை, ஸ்தனத்திற் புற்றுநோய் கண்டு, அதை வெளியிற் சொல்ல வெட்கி, புண் ஆன பின்னரே சொன்னார். வைத்தியர்கள் கைவிரித்தனர். வீட்டின் பின்கட்டு அறையில் அவரைப் படுக்கவைத்தோம். அப்புண்ணின் நாற்றம் கூடத்துக்கும் எட்டியது. முதலில் அண்டை வீட்டார் வருவதை நிறுத்தினர். பின் உறவினர் வாசலோடு நின்று விசாரித்துப் போயினர். பின்னர் பேரப்பிள்ளைகளும் உள்ளே செல்லவில்லை. பூர்வஜன்ம பாவம் என்று ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அத்தைக்கும் விழுந்திருக்கும். கிருமியைப் பற்றிப் பத்தாண்டு படித்து வேலை செய்த யானும், ஊதுவத்தி கொளுத்தி வைத்துவிட்டு, அறையில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரமாட்டேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் நாணமாயிருக்கிறது.

ஒருநாள் வயது முதிர்ந்த தாதியொருத்தி வந்தாள். அவள் மூக்கை மூடவில்லை. புண்ணைக் கழுவிக்கொண்டே அத்தையை நோக்கி, "அம்மா, இது உங்கள் நாற்றம் அன்று, செத்த தசையிற் குடிபுகுந்த கிருமிகளின் நாற்றம். அவற்றை விரட்டலாம்" என்றாள். பின் என் பக்கம் திரும்பி, "தம்பி, இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்றாள். தெரியும். காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகள் தசையைச் சிதைத்து புட்ரெஸின், கடாவெரின் என்னும் பொருள்களை உண்டாக்கும் என்பதும், அவற்றிற்கு அப்பெயர்களை 1885இல் பிரீகர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அக்கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடஸோல் என்னும் மருந்தும் தெரியும். புத்தகத்தில் தெரிந்தது வீட்டில் உதவவில்லை, அவ்வளவே.

வைத்தியரின் உத்தரவு பெற்று அம்மருந்தைப் புண்ணின்மேல் இட்டுவந்தோம். சில நாட்களில் நாற்றம் பெரும்பாலும் அடங்கிற்று. நோய் தீரவில்லை, தீராதென்பது அறிந்ததே. ஆனால் பேரப்பிள்ளைகள் மீண்டும் கட்டிலண்டை வந்தனர். உறவினர் உள்ளே வந்து உட்கார்ந்து பேசினர். இறுதி இரண்டு மாதமும் அத்தை மனிதர் நடுவே இருந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்பு, "தம்பி, இந்த மருந்தை அப்போதே போட்டிருந்தால் நான் இவ்வளவு நாள் தனியாகக் கிடந்திருக்கமாட்டேனே" என்றார். அதில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருக்கும்.

இதை இச்சபையிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர் வீடுகளில் இன்றும் இத்தகைய பின்கட்டு அறைகள் உள்ளன. புண்ணால் நாறுவோரும், வாய்நாற்றத்துக்கு அஞ்சிக் கூட்டத்தில் வாய் திறவாதோரும், மீன்வாடை போன்ற பெண்நோயை வெளியிற் சொல்ல நாணி வருந்தும் சகோதரிகளும் உள்ளனர். இவற்றுட் பெரும்பாலானவை கிருமிகளால் வருவன; மருந்தால் தீர்வன அல்லது தணிவன. பிறவியிலேயே ஈரலில் ஓர் இரசம் குறைந்து, குடற்கிருமிகள் உண்டாக்கும் டிரைமெதிலமினைச் சிதைக்க இயலாமல், எவ்வளவு குளித்தும் மீன்வாடை வீசுவோரும் சிலர் உண்டு. அவர்களை அழுக்கர் என்பது அறியாமை. தோல் பதனிடுவோர், மீன் விற்போர், சாக்கடை சுத்தம் செய்வோர் முதலியோரை அவர்கள் தொழிலின் வாடையைக் கொண்டு உலகம் தாழ்த்தி வைத்ததும் அவ்வறியாமையின் பெரிய வடிவமே. வாடை கிருமியினுடையது; மனிதனுடையதன்று, அவன் குலத்தினுடையதும் அன்று.

இனி, நாற்றமில்லாமையால் வரும் கேட்டையும் சொல்லி முடிக்கிறேன். கெட்டுப்போன உணவெல்லாம் நாறும் என்று எண்ணுகிறோம். அது மெய்யன்று. உணவை நாறச் செய்யும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. நம்மைக் கொல்லும் கிருமிகள் வேறு. டைபாய்டு, வாந்திபேதி ஆகியவற்றின் கிருமிகள் கலந்த நீர் தெளிவாகவும் வாடையற்றும் இருக்கலாம். சமைத்த அன்னத்தை வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் வைத்திருந்தால் அதில் ஒருவகைக் கிருமி விஷத்தை விடும், அவ்விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது, மூக்குக்கும் தெரியாது. டப்பியில் அடைத்த உணவில் தோன்றும் பாட்டுலினம் என்னும் கிருமியின் சில வகைகள் எவ்வித நாற்றமும் தராமலே நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும்.

இவை யாவற்றிலும் கொடியது மலத்தொட்டி. காற்றில்லா அவ்விடத்தில் கிருமிகள் கந்தகத்தைக் கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு என்னும் ஆவியை உண்டாக்குகின்றன. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்போதே அது அழுகிய முட்டை போல் நாறும். ஆனால் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கின் உணர்ச்சியையே அது மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டதென்று எண்ணி மனிதன் மேலும் இறங்குகிறான். அளவு இன்னும் ஏறினால் சில மூச்சிலேயே விழுந்துவிடுகிறான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுகிறான். இவ்வாறு தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒருங்கே மாண்ட செய்திகளை நாம் பத்திரிகைகளிற் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். உரிய பாதுகாப்பின்றி மலத்தொட்டிக்குள் மனிதனை இறக்குதல் குற்றமென்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. சட்டம் இருந்தும், கூலி கொடுத்து ஆளை அழைப்பவர் நம் போன்ற வீட்டுக்காரர்களே. ஆதலின் என் வேண்டுகோள் ஒன்று: இச்சங்கத்தைச் சேர்ந்த எந்தக் குடும்பத்தின் வீட்டிலும், எந்த அவசரத்திலும், எந்த மனிதனையும் தொட்டிக்குள் இறங்கும்படி சொல்லக்கூடாது. இயந்திரம் கொண்டு உறிஞ்சும் வண்டி வரும்வரை காத்திருத்தல் நமக்கு அசௌகரியமே. இறங்குபவனுக்கோ அது உயிர்.

சபையோரே! மூக்கு நமக்குக் கடவுள் அளித்த நல்ல காவற்காரன். ஆனால் அவனை நீதிபதியாக்கலாகாது. அவன் குரைத்தால் எழுந்து பாருங்கள். குரைக்கவில்லை என்று கதவைத் திறந்துவைத்து உறங்காதீர்கள். நீரைக் காய்ச்சிக் குடியுங்கள். உணவைச் சூடாக உண்ணுங்கள், அல்லது விரைவிற் குளிர்வித்து வையுங்கள். நாறும் புண்ணை மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நாறுகின்ற மனிதனை விட்டு விலகுமுன், நாறுவது எது என்று ஒரு கணம் யோசியுங்கள்.

மழைக்காலம் நெருங்குகிறது. முதல் மழையில் மண்வாசனை எழும்போது, கண்காணாத அவ்வுயிர்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பொழுதே, உங்கள் வீட்டுப் பின்கட்டில் யாரேனும் தனியே படுத்திருந்தால், உள்ளே சென்று சற்று நேரம் உட்கார்ந்திருங்கள்.